கிருமிகளின் பேச்சைத் துண்டித்தால் அப்பாவின் புண் ஆறுமா?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து 29 வயது வாசகி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 61 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டும் உண்டு. வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்கு நேர் கீழே ஒரு புண். ஐந்து மாதமாக ஆறவில்லை, ஆனால் வலியே இல்லை என்கிறார். அதனால் பழைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைத்தெரு, கோயில் என்று வழக்கம்போல நடக்கிறார். கட்டுப் பிரிக்கும்போது துணியில் பச்சைக் கறையும் திராட்சை சோடா போன்ற ஒரு வாசனையும். புண்ணின் மேல் பஞ்சுக்குச்சியால் எடுத்த சாம்பிளில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படும் என்பது ரிப்போர்ட். பத்து நாள் சாப்பிட்டதும் குறைந்த மாதிரி இருந்து, மறுபடி வந்துவிட்டது. பிறகு இரண்டு முறை பழைய சீட்டையே மருந்துக்கடையில் காட்டி வாங்கியிருக்கிறார்கள். இப்போது மூன்றாவது சுற்று, ஆறாம் நாள். இந்த வாரம் இரண்டு இரவு அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியிருக்கிறது. "உடம்பு கிருமியோடு சண்டை போடுகிறது" என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையே, பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ரசாயனத்தால் பேசிக்கொள்கின்றன என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார். தெரிந்தவர் ஒருவர் பூண்டுச் சத்தும் மஞ்சள் சத்தும் கலந்த கேப்சூலைக் காட்டி, "இது அந்தப் பேச்சைத் துண்டித்துவிடும், ஆண்டிபயாட்டிக்கே வேண்டாம்" என்றாராம். மாதம் 2,900 ரூபாய். சிகிச்சை பார்த்த மருத்துவமனையில் "விரலை எடுக்க வேண்டி வரலாம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டதால் அங்கே திரும்பிப் போகவும் பயம்.

அவர் கேட்பது: கிருமிகள் பேசுவது உண்மையா? அதைக் கண்டுபிடிக்க டெஸ்ட் உண்டா? ஆண்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு கேப்சூலுக்கு மாறலாமா? ஆரம்பத்தில் கவனிக்காமல் விட்டதால்தான் கிருமிகள் கூடித் திட்டம் போட்டுவிட்டனவா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், நீங்கள் ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய அந்த வியர்வைக்கு வருகிறேன். ராத்திரி வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது: இது கிருமியோடு நடக்கும் சண்டையாக இருப்பதைவிட சர்க்கரை தாழ்ந்துபோனதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர் சிப்ரோஃப்ளாக்சசினும் சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். மருந்துக்கடைக்காரருக்கு உங்கள் அப்பாவின் மற்ற மாத்திரைகள் தெரியாது. அறுபது வயதுக்கு மேல் சிப்ரோஃப்ளாக்சசின், குதிகாலைக் கெண்டைக்கால் தசையோடு இணைக்கும் தசைநாணையும் பதம் பார்க்கக்கூடியது. அடுத்த மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரிடம் போனிலாவது கேட்டுவிடுங்கள். மறுபடி வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஆள் மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் காணொளிக்கு வருவோம்.

நான் ஒரு மருத்துவ நுண்ணுயிரியலாளர். வார்டில் நோயாளிகளைப் பார்ப்பதைவிட, அவர்களிடமிருந்து வரும் சாம்பிள்களைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. உங்கள் அப்பாவின் கட்டுத்துணியில் வந்த திராட்சை வாசனை எனக்குப் பழகிய வாசனை. காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் தட்டைப் பார்க்கும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும், உள்ளே சூடோமோனாஸ் வளர்ந்திருக்கிறது என்று. ஏருஜினோசா என்ற லத்தீன் பெயரும் அந்தப் பச்சையால் வந்ததுதான். செம்புப் பாத்திரத்தில் ஏறும் களிம்பின் நிறம் என்று அதற்குப் பொருள்.

பேச்சு என்பது எது?

பாக்டீரியாக்கள் ரசாயனங்களால் ஒன்றையொன்று உணர்வது முழு உண்மை. ஆராய்ச்சி உலகில் ஐம்பது ஆண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். ஆனால் 'பேச்சு' என்ற சொல்தான் உங்களைக் கொஞ்சம் தடம் மாற்றியிருக்கிறது. இதைத் தலை எண்ணுவது என்று சொன்னால் இன்னும் பொருந்தும். ஆங்கிலத்தில் வைத்த பெயர் கோரம் சென்சிங். இது பயங்கரம் என்று பொருள்படும் கோரம் இல்லை. கூட்டுறவு சங்கக் கூட்டத்தில் "கோரம் இல்லை, அடுத்த தேதிக்குத் தள்ளி வைக்கிறோம்" என்பார்களே, அந்தக் கோரம். குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்திருந்தால்தான் தீர்மானம் போடலாம் என்ற கணக்கு.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தவை கடலில் ஒளிரும் பாக்டீரியாக்கள். அவற்றைக் குடுவையில் வளர்த்தால் ஒரு விசித்திரம் நடக்கும். முதல் சில மணி நேரம் எண்ணிக்கை மட்டும் இரட்டித்துக்கொண்டே போகும், வெளிச்சம் ஏறாது. ஒரு கட்டத்தைத் தாண்டியதும் திடீரென்று குடுவை முழுக்க ஒளிரும். 1970-இல் கென்னத் நீல்சன், டெர்ரி பிளாட், உட்லேண்ட் ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் இதற்கு விளக்கம் சொன்னார்கள்: ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சிறு மூலக்கூறை வெளியே கசியவிடுகிறது; கூட்டம் பெருகப் பெருகத் திரவத்தில் அதன் செறிவும் ஏறுகிறது; ஒரு அளவைத் தொட்டதும் ஒளிக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. கூட்டம் முற்றிய குடுவையிலிருந்து செல்களை நீக்கிவிட்டு, வெறும் திரவத்தை மட்டும் புதிய பாக்டீரியாக்களுக்குக் கொடுத்தால் அவை சீக்கிரமே ஒளிர்ந்தன. கூட்டமே இல்லாமல் கூட்டம் இருப்பதாக நம்பவைத்தாயிற்று! அந்த மூலக்கூறின் அமைப்பு 1981-இல் தெரிந்தது. கோரம் சென்சிங் என்ற பெயர் 1994-இல்தான் வந்தது.

இதே பாக்டீரியா, விப்ரியோ ஃபிஷெரி, ஹவாய்த் தீவுகளில் கட்டைவிரல் அளவுள்ள ஒரு கணவாயின் வயிற்றுப் பக்கத்தில் குடியிருக்கிறது. நிலா வெளிச்சத்தில் நீந்தும் கணவாயின் நிழல் கீழே விழாதபடி அது ஒளி தருகிறது. கணவாய் அதற்குச் சாப்பாடு போடுகிறது. ஒவ்வொரு விடியற்காலையும் கணவாய் தன் பையிலிருந்து சுமார் 95 சதவீத பாக்டீரியாவை வெளியே தள்ளிவிடும். மிச்சமிருப்பவை பகலெல்லாம் பெருகி, இரவு வரும்போது மறுபடி கோரம் சேர்ந்துவிடும். வெளியே தள்ளப்பட்டவை பரந்த கடலில் கரைந்து இருட்டாகிவிடும். அதே பாக்டீரியா, அதே மரபணுக்கள். கூட்டம் கலைந்ததால் விளக்கு அணைந்தது. அந்த விடியற்கால வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அப்பாவின் புண்ணுக்கு வரும்போது தேவைப்படும்.

(2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியதைப் பார்த்ததாகவும், அதுவும் இதுதானா என்றும் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அது நாக்டிலூகா என்ற வேறொரு நுண்ணுயிர். அலை அடித்துக் குலுக்கும்போது மின்னும், அதற்குக் கோரம் வேண்டாம்.)

இதில் திட்டமும் சதியும் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. அந்த மூலக்கூறு ஒரு பூட்டில் போய்ப் பொருந்துகிறது, சில மரபணுக்கள் இயங்குகின்றன, அவ்வளவுதான். "நாங்கள் கவனிக்காததால் கூடித் திட்டம் போட்டன" என்று நீங்கள் எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன். கால் உணர்ச்சியை இழந்த சர்க்கரை நோயாளிக்குப் புண் வந்தால் வலிக்காது. வலிக்காத புண்ணை வீட்டில் இருப்பவர்கள் தாமதமாகப் பார்ப்பது நாங்கள் வாராவாரம் கேட்கும் கதைதான்.

அப்பாவின் புண்ணுக்குள்

சூடோமோனாஸ் இந்தத் தலை எண்ணும் கலையில் கெட்டிக்காரக் கிருமி. அதனிடம் ஒன்றின் மேல் ஒன்றாகக் குறைந்தது மூன்று சமிக்ஞை அமைப்புகள் இருக்கின்றன. கூட்டம் சிறியதாக இருக்கும்வரை அடக்கமாக இருக்கும். போதுமான அளவு சேர்ந்ததும் திசுவை அரிக்கும் என்சைம்களையும், நம்முடைய வெள்ளை அணுக்களை உடைக்கும் சோப்பு போன்ற பொருளையும், நீலப்பச்சை நிறமியையும் ஒரே சமயத்தில் வெளியிடும். நீங்கள் துணியில் பார்த்த பச்சையும் மூக்கில் உணர்ந்த திராட்சை வாசனையும் இந்த அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ளவைதான். அந்த வகையில், கோரம் சேர்ந்ததை நீங்களே மோந்து பார்த்திருக்கிறீர்கள்.

இதற்குத் தனி டெஸ்ட் உண்டா என்று கேட்டீர்கள். ஆராய்ச்சிக்கூடங்களில் உண்டு. சமிக்ஞை கிடைத்தால் ஊதா நிறமாக மாறும் ஒரு பாக்டீரியாவைப் பக்கத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள், பார்க்க அழகாகவே இருக்கும். மருத்துவமனை ஆய்வகத்தில் அதைச் செய்வதில்லை, செய்தாலும் சிகிச்சை எதுவும் மாறப்போவதில்லை. யாராவது அந்தப் பெயரில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்களைக் குழப்பியது இன்னொன்று: "கட்டுப்படும்" என்று ரிப்போர்ட் சொன்ன மருந்து ஏன் வேலை செய்யவில்லை? ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சோதனையை நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று தெரிந்தால் புரியும். இளசாக வளர்ந்த கிருமியைத் தண்ணீரில் தளர்வாகக் கரைத்து, தட்டில் மெல்லிசாகப் பூசி, மருந்து வில்லையை வைத்து ஒரு ராத்திரி விடுகிறோம். ஒவ்வொரு கிருமியும் தனியாக, மருந்துக்கு நேராக நிற்கிறது. புண்ணுக்குள் அப்படி இல்லை. மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவாமல் விட்டால் உள்சுவரில் ஒரு வழுவழுப்பு படியுமே, அதுபோல ஒரு கோழைப் படலத்துக்குள் அவை ஒண்டிக்கொண்டிருக்கும். பயோஃபிலிம் என்பார்கள். சூடோமோனாஸில் அந்தப் படலம் முறையாகக் கட்டி எழுவதற்கே சமிக்ஞை அமைப்பு தேவைப்படுகிறது என்று 1998-இல் காட்டினார்கள். படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, தட்டில் தேவைப்பட்டதைவிட நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்து வேண்டியிருக்கும். அவ்வளவை மனித உடம்புக்குள் கொடுக்க முடியாது.

அதோடு, பஞ்சுக்குச்சியால் புண்ணின் மேல் தடவி எடுத்த சாம்பிள் மேலே குடியிருப்பவர்களின் பட்டியலைத்தான் தரும். உள்ளே, எலும்புக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அது சொல்லாது. புண்ணைச் சுத்தம் செய்த பிறகு அடியிலிருந்து சுரண்டியெடுத்த திசுதான் எங்களுக்கு வேண்டும். குச்சி சாம்பிளுக்கு ரிப்போர்ட் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அதை வைத்து யாராவது மூன்று சுற்று மாத்திரை வாங்குவார்களே என்று.

பேச்சைத் துண்டிக்கும் கேப்சூல்

உங்களுக்கு அதை விற்க வந்தவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. பூண்டிலுள்ள அஜோயின் என்ற பொருளும் மஞ்சளிலுள்ள குர்குமினும் ஆய்வகத் தட்டில் சூடோமோனாஸின் சமிக்ஞையைக் குறைக்கின்றன. அது நிஜம். ஆனால் தட்டில் நேராகப் போடுவதும், விழுங்கிய கேப்சூல் குடலைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டி, ரத்த ஓட்டம் குறைந்த உள்ளங்காலுக்குப் போய்ச் சேர்வதும் ஒன்றாகாது. குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குள் ஏறுவதே மிகக் குறைவு. பூண்டை மனிதர்களிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயால் நுரையீரலில் சூடோமோனாஸ் தங்கிவிட்ட 26 பேருக்கு பிரிட்டனில் எட்டு வாரம் கேப்சூல் கொடுத்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். பூண்டு சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. சிறிய சோதனைதான். ஆனாலும் 2,900 ரூபாய் கேட்பவர் அதைவிடப் பெரிய சோதனை ஒன்றையாவது காட்ட வேண்டும்.

ஆஸ்திரேலியக் கடலில் ஒரு சிவப்புப் பாசி தன் மேல் பாக்டீரியா படியாமல் இருக்க சமிக்ஞையைக் குழப்பும் பொருளைச் சுரக்கிறது. அதைக் கண்டுபிடித்தபோது எங்கள் துறையில் எல்லோருக்கும் ஆசை வந்தது, எனக்கும்தான். மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சு என்று தெரிந்ததும் அடங்கிவிட்டது. இன்றைய தேதிக்கு, கால் புண்ணுக்காகச் சமிக்ஞையைத் துண்டிக்கும் மருந்து என்று அங்கீகாரம் பெற்று எதுவும் விற்பனையில் இல்லை.

அப்படி ஒன்று வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன், இது காணொளிகளில் அதிகம் வராத பகுதி.

இந்த மாதிரிப் புண்ணில் அடிக்கடி சேர்ந்தே இருக்கும் இன்னொரு கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அதன் சமிக்ஞை அமைப்பு வேறு மாதிரி. கோரம் சேர்ந்ததும் அது நச்சுகளை வெளியிடும், கூடவே படலத்தைக் கலைத்துக்கொண்டு கிளம்பும். அதன் பேச்சை நிறுத்தினால் நச்சு குறையும், சரி. ஆனால் படலம் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளலாம். காலராக் கிருமியில் கதை இன்னும் தலைகீழ்: கூட்டம் கூடியதும் அது நோய் உண்டாக்கும் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறத் தயாராகும். அங்கே பேச்சைத் துண்டித்தால் நோயைத் தூண்டியது மாதிரி ஆகிவிடும். சூடோமோனாஸிலேயே, நாள்பட்ட தொற்றுகளில் சமிக்ஞையைக் கேட்கும் மரபணு பழுதான வகைகள் நிறையக் கிடைக்கின்றன. காது கேட்காத கூட்டத்தில் மைக் ஒயரைப் பிடுங்கி என்ன செய்ய?

உங்கள் அப்பாவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ரத்தம் உறைவதைக் குறைக்கின்றன. செறிவான பூண்டுச் சத்தும் கொஞ்சம் அதே வேலையைச் செய்யும். ரசத்தில் நசுக்கிப் போடும் பூண்டைப் பற்றி நான் பேசவில்லை, அதைத் தாராளமாகச் சாப்பிடட்டும். கேப்சூல் வேண்டாம். புண்ணின் மேல் மஞ்சள்தூள், வீட்டுத் தேன், எதுவும் வேண்டாம்.

ஆண்டிபயாட்டிக்கை நிறுத்தலாமா?

இதற்கு நான் இங்கிருந்து ஆம், இல்லை சொல்ல முடியாது. ஆனால் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். தட்டில் கிருமி வளர்ந்தது என்பதாலேயே புண்ணில் தொற்று இருக்கிறது என்று பொருளில்லை. திறந்த புண் எதிலும் ஏதாவது வளரும். வீக்கம், புண்ணைச் சுற்றி அரை சென்டிமீட்டருக்கு மேல் சிவப்பு, தொட்டால் வலி, சூடு, சீழ்: இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் தொற்று என்று எடுத்துக்கொள்வது வழக்கம். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆண்டிபயாட்டிக் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறாது, எதிர்ப்பு சக்தி பெற்ற கிருமிதான் வளரும். தோல், தசையோடு நிற்கும் தொற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் போதும். எலும்புக்குப் போயிருந்தால், எலும்பை எடுக்காமல் மருந்தால் பார்ப்பதென்றால் ஆறு வாரம் வரை ஆகும். உங்கள் அப்பா இந்த மூன்றில் எங்கே இருக்கிறார் என்று யாரும் இதுவரை சோதித்ததாகக் கடிதத்தில் இல்லை. கிருமி நீக்கிய கம்பியால் புண்ணின் அடியைத் தொட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. எக்ஸ்ரேயும் வேண்டும். விரலை எடுக்க வேண்டுமா என்ற கேள்வியே இவற்றுக்குப் பிறகு வர வேண்டியது.

கூட்டத்தைக் கலைப்பதற்கு

இப்போது அந்தக் கணவாயின் விடியற்கால வேலைக்கு வருகிறேன். சமிக்ஞையைக் குழப்பும் மருந்து நம்மிடம் இல்லை. ஆனால் கூட்டமே இல்லையென்றால் சமிக்ஞை எங்கிருந்து வரும்? அறுவை மருத்துவர் கத்தியால் புண்ணின் செத்த திசுவையும் ஓரத்தில் தடித்த தோலையும் சீவி எடுப்பது அதற்குத்தான். படலம் சிதறிப்போகும். ஓரிரண்டு நாளில் மறுபடி கட்டத் தொடங்கிவிடும் என்பதால் ஒரு முறை செய்து விடுகிற காரியமில்லை. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். செய்தவுடன் கிடைக்கும் அந்த இடைவெளியில்தான், தொற்று இருந்தால், மருந்துக்கும் வேலை எளிது. ஐந்து மாதத்தில் ஒரு முறைகூட இது நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தம் உறையாத மாத்திரைகள் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சீவுவதற்கு முன் காலுக்கு ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கணுக்காலில் ரத்த அழுத்தம் அளப்பார்கள். சர்க்கரை நோயில் ரத்தக்குழாய் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் அந்த எண் பொய்யாக நன்றாகத் தெரியும். கால்விரலில் அளப்பது நம்பகம். ரத்தம் வராத காலில் எந்த ஆண்டிபயாட்டிக்கும் போய்ச் சேராது.

அப்புறம் அழுத்தம். என்னைக் கேட்டால் உங்கள் ஏழு பக்கத்தில் முக்கியமான வரி பாக்டீரியாவைப் பற்றியது இல்லை, "வழக்கம்போல நடக்கிறார்" என்பதுதான். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்களைப் பார்த்தார். நோயால் சதை தானாக அழுகுகிறது என்றுதான் அப்போது பலரும் நினைத்திருந்தார்கள். உணர்ச்சியில்லாத காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவதால்தான் புண் வருகிறது, மாவுக்கட்டு போட்டு அந்த அழுத்தத்தைப் பரப்பிவிட்டால் அதே சதை ஆறுகிறது என்று அவர் காட்டினார். பிறகு அமெரிக்காவுக்குப் போனபோது அந்த முறையும் கூடப் போய், சர்க்கரை நோயாளிகளின் காலுக்கு வந்தது. உள்ளங்கால் புண்ணுக்கு இன்றும் உலகம் முழுக்க முதலில் பரிந்துரைப்பது, முழங்கால் வரை வரும், கழற்ற முடியாத கட்டு அல்லது பூட்ஸ். 'கழற்ற முடியாத' என்பதுதான் அதில் விஷயம். கழற்ற முடிந்தால் எல்லோரும் கழற்றிவிடுகிறார்கள். தொற்று கடுமையாக இருந்தாலோ ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ இதைப் போடக் கூடாது, வேறு வகை உண்டு. அதனால்தான் மேலே சொன்ன சோதனைகள் முதலில். அதுவரை அப்பா கோயிலுக்கு நடக்க வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

உங்கள் உரிமைகள், சுருக்கமாக

திரும்பிப் போகப் பயமாக இருக்கிறது என்றால் வேறு இடத்துக்குப் போகலாம், அதில் தவறொன்றும் இல்லை. மருத்துவக் குறிப்புகளின் நகலை நீங்கள் எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளில் இருக்கிறது. கல்ச்சர் ரிப்போர்ட், எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இரண்டாவது கருத்துக் கேளுங்கள். செலவு கவலை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகளின் காலுக்காகவே 'பாதம் பாதுகாப்போம்' என்று தமிழக அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது.

விரலை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எலும்பில் தொற்று இருப்பது எப்படி உறுதியானது? காலுக்கு ரத்தம் போதுமா, போதாவிட்டால் அடைப்பைச் சரிசெய்ய முடியுமா? ஆறு வாரம் மருந்து கொடுத்துப் பார்ப்பது இவருக்குப் பொருந்துமா? நேர்மையான மருத்துவர் கோபப்பட மாட்டார். பதில்களைக் கேட்ட பிறகும் ஒரு விரலை எடுப்பதே சரியென்று ஆகலாம். அப்படியானால் அதைத் தள்ளிப்போடாதீர்கள், ஒரு விரலோடு நிற்க வேண்டியது பாதம் வரை போய்விடும்.

கேப்சூல் விற்பவர் விஷயம்: சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உணவுத் துணைப்பொருள் என்ற பெயரில் விற்பதையும் நோயைக் குணமாக்குவதாகச் சொல்லக் கூடாது. தெரிந்தவர் மேல் புகார் கொடுக்க மனம் வராது, புரிகிறது. வாங்காமல் இருந்தால் போதும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

காய்ச்சல், குளிர் நடுக்கம், சிவப்பு புண்ணிலிருந்து இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிப் பரவுவது, விரல் கறுப்பது, பாதம் வீங்குவது, திராட்சை வாசனை போய் அழுகல் நாற்றம் வருவது, காரணமில்லாமல் சர்க்கரை எகிறுவது, வலியே இல்லாத காலில் திடீரென்று வலி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே, ராத்திரியானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள். ரிப்போர்ட்டுகளோடு அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், மருந்துக்கடையில் வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசின் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ரப்பர் செருப்பையும் பையில் வையுங்கள். வலது செருப்பில் கட்டைவிரலுக்குக் கீழே எந்த இடம் தேய்ந்து குழிந்திருக்கிறது என்று மருத்துவர் பார்க்கட்டும்.